குளிரும் கைப்பிடியும்

நுழையும்முன்

மலைநாட்டுக் குளிர், சுற்றுலா வருவோர்க்கு இன்பம்; அதே குளிரில் நாள்தோறும் இருசக்கர வண்டியில் செல்வோர்க்கு இடர். ஓடும் வண்டியில் காற்று உடலின் வெப்பத்தைக் கவர்வது எவ்வாறு? விரல்கள் மரத்துப்போவது ஏன்? மின்சாரத்தால் வெம்மையூட்டப்படும் ஆடை எதைச் செய்யும், எதைச் செய்யாது? பழனி மலையின் மேல்மலைச் சாலையில் சென்றுவரும் ஒரு தந்தை, ஒரு மகள் ஆகியோரின் வழியாக இப்பாடம் இவற்றைப் பேசுகிறது.

மார்கழி மாதத்தில் மேல்மலை ஊர்களில் பொழுது விடிவதைச் சேவலுக்கு முன்பே குளிர் அறிவித்துவிடும். பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்களின்மேல் வெண்மை படர்ந்திருக்கும். தகரக் கூரைகளின் விளிம்பிலிருந்து பனிநீர் சொட்டும். அடுப்படியை விட்டு எழ எவருக்கும் மனம் வராது.

பூம்பாறைக்கு அப்பால் உள்ள அத்தகைய சிற்றூர் ஒன்றிலிருந்து தந்தையும் மகளும் புறப்படுகின்றனர். மகள் கொடைக்கானலில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தந்தைக்கு அந்நகரிலேயே ஒரு பங்களாவில் தோட்டவேலை. மற்ற நாள்களில் பேருந்து உண்டு. அரையாண்டுத் தேர்வு நாள்களில் மட்டும் பேருந்தை நம்பியிருக்கத் தந்தையின் மனம் ஒப்பவில்லை. பழைய 100 சிசி வண்டியை உதைத்துக் கிளப்பி, மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டார். அவர் உடலில் ஒரு ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், தலையில் தலைக்கவசம். கையுறை இல்லாமையால், தேய்ந்த கம்பளிக் காலுறைகள் இரண்டைக் கைகளில் மாட்டியிருந்தார். மகள் அவருடைய முதுகில் முகம் புதைத்து அமர்ந்திருந்தாள். முன்னால் இருப்பவரே பின்னால் இருப்பவருக்குச் சுவர்.

சாலை மூடுபனிக்குள் சென்றது. காலுறைகள் நனைந்தன. பைன் மரங்கள் அடர்ந்த ஒரு வளைவில் திரும்பியபோது, பனித்திரைக்குள்ளிருந்து கருத்த பாறை ஒன்று தலையை உயர்த்தியது. பாறையன்று, காட்டுமாடு. கொடைக்கானல் பகுதியில் காட்டுமாடு சாலைக்கு வருவது புதுமையும் அன்று. தந்தை அதைக் கண்டார். பிரேக்கைப் பிடிக்க எண்ணினார். ஆனால் எண்ணியதை விரல்கள் செய்யவில்லை. நெம்புகோலின்மேல் கிடந்த விரல்கள் வேறு எவருடையவோ போலச் சற்றே அசைந்தன. வலக்கால் தன்னையறியாமல் பின்சக்கரத்தின் பிரேக்கை மிதித்தது. வண்டி ஈரத்தார்ச் சாலையில் பாம்புபோல் நெளிந்து, விலங்குக்கு இரண்டு முழம் முன்னதாக நின்றது. காட்டுமாடு அவர்களை ஒருமுறை நோக்கிவிட்டு மெல்லச் சரிவில் இறங்கி மறைந்தது.

“பயந்துட்டியா தாயி?” என்றார் தந்தை.

மகள் விடை கூறவில்லை. அவள் இறங்கி முன்னால் வந்து நின்றாள். தந்தையின் கைகள் இன்னும் கைப்பிடியைப் பற்றியபடியே இருந்தன. நனைந்த காலுறைகளைக் கழற்றி, வெளுத்து விறைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்தெடுத்தாள்.

“உங்க கை ஏம்ப்பா இப்படி இருக்கு?”

விபத்து ஏதும் நிகழவில்லை. ஆகவே அந்த விடியற்பொழுது எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறவில்லை. மலைச்சாலைகளில் நிகழாமற்போன விபத்துகளை எண்ணுவார் யாருமில்லை. மகள் கேட்ட வினா மட்டும் நின்றது.

நடந்தவரும் அமர்ந்தவரும்

கொடைக்கானலுக்குக் குளிர் புதிதன்று. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் அமைந்த நகரம் அது. மலையேற ஏற, ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்து வத்தலக்குண்டில் போர்வை தேவைப்படாத இரவில், மேலே சனவரி மாதத்து வெப்பநிலை 8 டிகிரி செல்சியசுக்கு அருகில் நிற்கும். தெளிந்த வானமுள்ள சில இரவுகளில் ஏரிக்கரைப் புல்வெளியில் உறைபனியும் படியும்.

ஆனால் இருசக்கர வண்டிக் குளிர் என்பது வேறு. அது சாலையோடு வந்த குளிர். முதல் உலகப்போர்க் காலத்தில் வத்தலக்குண்டு வழியாக மோட்டார்ச் சாலை திறக்கப்படும்வரை, கொடைக்கானலுக்குச் செல்வோர் பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினர். நடந்து ஏறியோர் உண்டு. குதிரைமேல் ஏறியோர் உண்டு. டோலியில் அமர்ந்து ஆள்களால் சுமக்கப்பட்டோரும் உண்டு. ஒரே பாதை, ஒரே காற்று. எனினும் சுமந்தவருடைய நெற்றியில் வியர்வை. அமர்ந்திருந்தவருடைய தோள்மேல் கம்பளி. உழைக்கும் தசை வெப்பத்தை ஆக்கும்; ஓய்ந்திருக்கும் உடலோ ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தையே ஆக்கும். பழைய குண்டு மின்விளக்கு ஒன்றின் அளவு அது.

வண்டி ஓட்டுபவரின் நிலை இவ்விரண்டினும் இரங்கத்தக்கது. நடப்பவருக்குரிய உடலுழைப்பு அவருக்கு இல்லை. பேருந்தில் செல்பவருக்குரிய கண்ணாடிச் சாளரமும் இல்லை. டோலியில் அமர்ந்தவரைப்போல அசையாதிருந்து, புயலுக்குள் செல்பவரைப்போலக் காற்றை எதிர்கொள்கிறார்.

மனித உடலைச் சுற்றி மெல்லிய வெப்பக் காற்றுப்படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. உடலே அதனைச் சூடாக்கி வைத்துக்கொள்கிறது. காற்று வீசும்போது அப்படலம் அடித்துச் செல்லப்படுகிறது, உடல் மீண்டும் ஒன்றை ஆக்குகிறது, அதுவும் பறிபோகிறது. இவ்விழப்பை அளக்க முயன்றவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்னும் அமெரிக்கர் இருவர். 1941-ஆம் ஆண்டு அண்டார்க்டிகாவில், சிறு உருளை ஒன்றில் நீர் நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய ஆகும் காலத்தை அவர்கள் கணக்கிட்டனர். அவர்கள் தொடங்கிய முறை பின்னாளில் திருத்தப்பட்டு, 2001 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் புதிய வாய்பாடாக வழங்குகிறது. அவ்வாய்பாட்டின்படி, 8 டிகிரி குளிரில் மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்றை எதிர்கொள்ளும் தோல், ஏறத்தாழ 3 டிகிரிக் குளிரை உணர்கிறது. 5 டிகிரியாயின், உணரப்படும் குளிர் சுழிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வண்டியில் கட்டிய குடத்து நீர் இதனால் உறைந்துவிடாது. எவ்வளவு வேகமாகச் சென்றாலும் பொருள் எதுவும் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே குளிர்வதில்லை. மிகுவது குளிரன்று, வெப்பம் பறிபோகும் விரைவே.

ஈரமும் உடன் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். நீர், காற்றைக்காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். தந்தையின் கைகளில் இருந்த நனைந்த காலுறைகள் குளிரைத் தடுக்கவில்லை. அவை குளிருக்கு வழி அமைத்துக் கொடுத்தன.

விரல்களைக் கைவிடும் உடல்

குளிர் மிகும்போது உடல் ஒரு கடுமையான முடிவை எடுக்கிறது. இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றை 37 டிகிரியில் வைத்திருப்பதே அதன் முதற்கடமை. அதற்காகக் கை, கால்களின் நுண்குழாய்களைச் சுருக்கி, அங்குச் செல்லும் குருதியைக் குறைத்துவிடுகிறது. முற்றுகையிடப்பட்ட அரசன் புறநகரைக் கைவிட்டு அகநகரின் கதவை அடைப்பதைப் போன்றது இது. மரத்தடியில் ஒதுங்கி நிற்பவனுக்கு இம்முடிவு நன்மை தரும். பிரேக்கும் கிளட்சும் விரல்நுனியில் இருக்க, வளைவில் வண்டியைத் திருப்புபவனுக்கோ அகநகரைவிடப் புறநகரே முதன்மையானது. உடல் இதனை அறியாது. வண்டி தோன்றி நூறாண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகின்றது.

விரல்தோலின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் நுண்ணிய கைவினை தடுமாறுகிறது. 8 டிகிரியை நெருங்கும்போது தொடுவுணர்வே மங்குகிறது. நரம்பின் வழியே செய்தி செல்லும் வேகம் குறைகிறது. மூட்டுகளில் உள்ள நீர்மம் இறுகுகிறது. விரல்களை மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. முன்கை குளிர்ந்தாலும் பிடி தளரும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். விறைத்த விரல் தாழ்த்தும் அந்த ஒரு வினாடிக்குள் ஒரு காட்டுமாடு மட்டுமன்று, இரண்டு நிற்கலாம்.

இங்கு வியப்பான உண்மை ஒன்று உண்டு. கை குளிர்ந்தால் கையை மூட வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் கை குளிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் மார்பு குளிர்வதே. மார்பும் வயிறும் போதிய வெம்மையோடு இருந்தால், உடல் விரல்களுக்குத் தாராளமாகக் குருதியை அனுப்புகிறது. குளிர்நாடுகளில் வண்டி ஓட்டுவோர் வெம்மையாடை வாங்கும்போது கையுறைக்கு முன்பு உள்சட்டையை வாங்குவதன் பொருள் இதுவே.

போர்வை தந்த மலை

குளிருக்குப் போர்வை என்னும் செய்தியில் பழனி மலைக்கு இலக்கியத்தில் தனியிடம் உண்டு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன் இம்மலைப்பகுதியை ஆண்ட ஆவியர் குடியில் தோன்றியவன். பொதினி எனப்பட்ட ஊரே இன்றைய பழனி. மயில் ஒன்று குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அவன் அதற்கு அளித்தான் என்று சங்கப்புலவர் போற்றினர். மயிலின் இறகுகளே காற்றைத் தேக்கிவைக்கும் நல்ல போர்வை. மன்னனின் ஆடை அதற்குத் தேவைப்பட்டிருக்காது. தேவையை ஆராய்ந்து கொடுப்பது ஒருவகை. நடுக்கத்தைக் கண்டவுடன் கொடுப்பது மற்றொரு வகை. பேகன் இரண்டாம் வகையினன். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது, கபிலர், பரணர் முதலிய புலவர்கள் அவளுடைய துயரை எடுத்துரைத்து அவனை இடித்துரைத்ததையும் புறநானூறு பதிவு செய்துள்ளது. தொலைவில் உள்ள நடுக்கம் கண்ணில் படுவதைப்போல வீட்டில் உள்ள நடுக்கம் படுவதில்லை போலும்.

இறகும் கம்பளியும் செய்வது ஒன்றே. அவை வெப்பத்தை ஆக்குவதில்லை. சுருண்ட இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து, உடல் ஆக்கும் வெப்பத்தை வெளியேறாமல் காக்கின்றன. அக்காற்று அசையாதிருக்கும்வரையில்தான் கம்பளிக்கு மதிப்பு. வண்டியில் செல்லும்போது எதிர்க்காற்று ஸ்வெட்டரின் கண்கள்தோறும் நுழைந்து சிறைப்பட்ட காற்றை விடுவித்துவிடுகிறது. ஆகவேதான் மலைவாழ் ஓட்டுநர்கள் ஸ்வெட்டருக்கும் சட்டைக்கும் இடையில் செய்தித்தாளை மடித்துச் செருகுகின்றனர். பொருளாதார நிலையைப் பற்றிய தலையங்கம் பயன்படுவதற்கு இதுவும் ஒரு வழி.

தெரிந்து தெளிவோம்

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல ஆராய்ச்சி மையம் 1965 முதல் செயல்பட்டு வருகிறது. மென்கம்பளி தரும் பாரத் மெரினோ இனச் செம்மறியாடுகள் இங்கு வளர்க்கப்படுகின்றன. கம்பளி, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பின்னரும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது.

மின்சாரம் நெய்த ஆடை

தேர்வின் மூன்றாம் நாள் மாலை. ஊர் திரும்பும் வழியில் தந்தையும் மகளும் ஒரு தேநீர்க் கடையில் நின்றனர். அங்கே கோயம்புத்தூர்ப் பதிவெண் கொண்ட பெரிய வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கம்பி வெளிவந்து, தேநீர் அருந்திக்கொண்டிருந்த இளைஞரின் மேற்சட்டைக்குச் செல்லும் வகையில் அமைந்திருந்தது. இறங்கும்போது கழற்றிவிடுவதற்கு ஏற்ற செருகி அதன் முனையில் இருந்தது. மகள் அக்கம்பியையே பார்ப்பதைக் கண்ட இளைஞர் சிரித்தார்.

“கரண்ட் சட்டைங்க. உள்ளே சூடாகும். கையுறையும் அப்படித்தான். போட்டுப் பாருங்கண்ணா” என்று தந்தையிடம் நீட்டினார்.

“வேண்டாம் தம்பி, உங்களுக்குக் குளிரும்” என்றார் தந்தை.

“டீ குடிக்கிற வரைக்கும்தானேங்கண்ணா.”

தந்தை தயங்கவே, மகள் வாங்கி அணிந்துகொண்டாள். இளைஞர் வண்டியைக் கிளப்பிக் கம்பியை இணைத்தார். இரண்டு நிமிடங்கள் சென்றன. “உள்ளே யாரோ கையைப் பிடிச்சிட்டிருக்கற மாதிரி இருக்குப்பா” என்றாள் அவள்.

அந்தக் கையின் வரலாறு வானத்தில் தொடங்கியது. முதல் உலகப்போரின்போதே, திறந்த விமானங்களில் பறந்தோர்க்கு மின்கம்பி பொதிந்த உடைகள் செய்து தரப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்கள் ஏறத்தாழ 7,500 மீட்டர் உயரத்தில் பறந்தன. அங்குக் குளிர் சுழிக்குக் கீழ் 40 டிகிரி வரை இறங்கும். அமெரிக்க விமானப்படையினரிடையே, பகைவரின் குண்டால் காயமுற்றோரைக்காட்டிலும் பனிப்புண்ணால் பறக்க இயலாமற்போனவர் மிகுந்திருந்த காலமும் உண்டு. அவர்களுடைய தொடக்ககால உடை ஒன்றில் கம்பிகள் தொடரிணைப்பில் இருந்தன. ஓரிடத்தில் கம்பி அறுந்தால் உடை முழுவதும் குளிர்ந்தது. இயற்பியல் பாடத்தில் தொடரிணைப்பையும் பக்க இணைப்பையும் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்போர்க்கு, அந்த விமானியின் விரல்களே விடை.

1970-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இயந்திரப் பட்டறை நடத்திவந்த கார்டன் கெர்பிங் என்பவர், வண்டியின் மின்கலத்தோடு இணைக்கத்தக்க வெப்ப ஆடைகளைச் செய்யத் தொடங்கினார். வானத்து உடை சாலைக்கு இறங்கியது இவ்வாறுதான். ஆடையின் உள்ளுறைக்குள் மெல்லிய மின்தடைக் கம்பி அல்லது கரியிழை வளைந்து வளைந்து செல்கிறது. மின்னோட்டம் பாயும்போது அது சூடாகிறது. மின்னோட்டத்தின் இருமடி, மின்தடை, காலம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனே தோன்றும் வெப்பம் என்று ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1841-இல் வெளியிட்ட விதி இதற்கு அடிப்படை. சலவைப் பெட்டியிலும் இதே விதிதான். அளவு மட்டுமே வேறு.

வண்டியின் மின்னழுத்தம் 12 வோல்ட். மேற்சட்டை 6 ஆம்பியர் எடுத்துக்கொண்டால், அது 72 வாட். ஓய்ந்திருக்கும் மனித உடல் 100 வாட் ஆக்குகிறது என்பதை நினைத்தால், இச்சட்டையை அணிந்தவர் தம்மோடு இன்னொரு முக்கால் ஆளை அணைத்துக்கொண்டு செல்கிறார் எனலாம். கையுறைகள் இரண்டுக்கும் சேர்த்து 2 ஆம்பியர்; அதாவது 24 வாட். சிறிய பெட்டி ஒன்று மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தி வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுகிறது.

தந்தை அவருடைய வண்டியையும் தம்முடைய வண்டியையும் மாறிமாறிப் பார்த்தார். “நம்ம வண்டில இதை மாட்டினா லைட் அணைஞ்சிரும் தம்பி” என்றார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் கணக்குத் தவறவில்லை. சட்டையும் கையுறையும் சேர்ந்து 96 வாட். 100 சிசி வண்டியின் மின்னாக்கி, 35 வாட் முகப்பு விளக்கு, பின்விளக்கு, ஒலிப்பான், தீப்பொறி ஆகியவற்றுக்கே அளவாக அமைந்தது. அதன் மின்கலம் 5 ஆம்பியர்-மணி அளவினதாயின், அதில் சேர்ந்துள்ளது 60 வாட்-மணி மட்டுமே. அதைக்கொண்டு இவ்வாடையை 40 நிமிடம்கூட இயக்க இயலாது. மூடுபனியில் விரல் வெதுவெதுப்பாக இருந்து விளக்கு அணைந்துவிடுமாயின், அந்த வெதுவெதுப்பால் பயனில்லை.

கையுறைக்குள்ளேயே சிறிய லித்தியம் மின்கலம் வைத்த வகைகளும் இப்போது கிடைக்கின்றன. அவை வண்டியை நம்பியிருப்பதில்லை. நடுத்தர வெப்பத்தில் இரண்டு, மூன்று மணிநேரம் தாங்கும். பூம்பாறைக்கும் கொடைக்கானலுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவுக்கு இது தாராளமாகப் போதும். விலையைக் கேட்டறிந்த தந்தை மறுமொழி கூறாமல் தேநீரை முடித்தார். வெம்மையாடை யாருக்காக விற்கப்படுகிறதோ அவர் ஆண்டுக்கு நான்கு நாள் இச்சாலையில் செல்கிறார்; யாருக்குத் தேவையோ அவர் நாள்தோறும் செல்கிறார்.

இளைஞர் விடைபெறும்போது ஒன்றைச் சொன்னார். முதன்முறை இக்கையுறையை அணிந்தபோது, விரல்கள் மரத்திருந்தமையால் சூட்டின் அளவு தெரியாமல் முழுவதுமாகக் கூட்டிவிட்டாராம். தோல் சிவந்து கொப்புளம் கண்டதாம். மரத்த தோலுக்குச் சூடும் தெரியாது. வெப்ப ஆடையை வெறுந்தோலின்மேல் அணியாமல் மெல்லிய துணி ஒன்றின்மேல் அணிவது இதற்காகவே. வண்டியின் இயந்திரத்தில் கையை ஒட்டவைத்துச் சூடேற்றும் வழக்கமும் இதே காரணத்தால் தீங்கானது. குளிருக்கு மது நல்லது என்போரும் மலையில் உண்டு. மது தோலின் குழாய்களை விரித்து, அகத்தில் இருந்த வெப்பத்தை வெளியே கொட்டிவிடும். வெதுவெதுப்பாக இருப்பதுபோல் தோன்றுவது உடல் வெப்பத்தை இழக்கும் வேளையில்தான். வண்டி ஓட்டுபவருக்கு அதனால் விளையும் மற்றக் கேடுகளைச் சொல்லவே வேண்டியதில்லை.

வீட்டில் செய்தவை

அன்றிரவு அடுப்பைச் சுற்றி மூவரும் அமர்ந்தனர். மகள் கணக்கைச் சொன்னாள், தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். வெப்பத்தை ஆக்க இயலாவிட்டால், இருக்கும் 100 வாட்டை வீணாக்காமல் இருக்கலாம் என்பது மகளின் கருத்து. “அப்ப காத்த அடைக்கணும், அவ்வளவுதானே?” என்று தாய் எழுந்து சென்று, பழைய பயணப்பையின் ரெக்சின் துணியை எடுத்துவந்தாள்.

வட இந்தியாவின் குளிர்கால நகரங்களில் இருசக்கர வண்டியின் கைப்பிடிகளுக்கு மேலே உறை மாட்டியிருப்பதைக் காணலாம். கையை அதற்குள் நுழைத்து ஓட்டுவர். தாய் அதனைக் கண்டவளல்லள். எனினும் அவள் தைத்தது ஏறத்தாழ அதுவே. இரண்டு பைகள், வாயில் அகலம், உள்ளே கிழிந்த கம்பளியின் துண்டுகள். கை எளிதில் நுழையவும் எளிதில் வெளிவரவும் வேண்டும் என்பதில் மகள் உறுதியாக இருந்தாள். வீழும்போது கை சிக்கிக்கொண்டால் உறையே பகையாகிவிடும். நெம்புகோலில் துணி மாட்டாதபடி தந்தை இருமுறை அவிழ்த்துக் கட்டினார். பின்னர் ஆடையின் வரிசை மாறியது. உடலை ஒட்டிக் கம்பளிச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், மார்பில் செய்தித்தாள், எல்லாவற்றுக்கும் மேலாக மழைச்சட்டை. அதுவரை மழைக்கு மட்டுமே எடுக்கப்பட்ட அச்சட்டைதான் அவ்வீட்டில் இருந்த சிறந்த காற்றுத் தடுப்பு. ஈரமான காலுறைகள் அடுப்புக் கொடியில் தொங்கின.

அடுத்த நாள் பயணத்தில் தந்தைக்கு வேறுபாடு தெரிந்தது. குளிர் இருந்தது, ஆனால் அது வெளியே இருந்தது. “நெஞ்சுல காத்து ஏறல தாயி” என்றார். கை முழுவதும் வெதுவெதுப்பாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. வெப்ப ஆடை தரும் இதம் வேறு. செய்தித்தாளும் ரெக்சினும் தருவது வேறு. இரண்டையும் ஒன்றென்பது ஏழ்மைக்குப் பொன்முலாம் பூசுவதாகும். மலையூர்களில் நாள்தோறும் பாலும் காய்கறியும் கொண்டுசெல்வோர்க்கு ஒரு நல்ல கையுறை எட்டும் விலையில் கிடைக்குமாயின், அது கருணையன்று, சாலைப் பாதுகாப்பு. தலைக்கவசத்தைக் கேட்கும் சட்டம் கைகளைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

மகளிடம் இன்னொரு வழியும் இருந்தது. பனிமலை ஏறுவோர் தம் விரல்களை ஆராயும் முறையை அவள் ஆசிரியர் வாயிலாக அறிந்திருந்தாள். பெருவிரலின் நுனியால் சுண்டுவிரலின் நுனியைத் தொட வேண்டும். தொட இயன்றால் கை இன்னும் தன்னுடையது. இயலாவிட்டால் நின்றுவிட வேண்டும்.

தேர்வின் கடைசி நாள் மூடுபனி மற்ற நாள்களைவிட அடர்ந்திருந்தது. பைன் மரங்களின் வளைவுக்கு முன்னதாகப் பின்னிருக்கையிலிருந்து குரல் வந்தது.

“சுண்டுவிரல் பாருங்கப்பா.”

தந்தை வண்டியை ஓரமாக நிறுத்தினார். உறையிலிருந்து வலக்கையை வெளியே எடுத்துப் பெருவிரலை மடக்கினார். அது மோதிரவிரல்வரை சென்று நின்றுவிட்டது. மீண்டும் முயன்றார். எட்டவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இயந்திரத்தை அணைத்தார்; மழைச்சட்டையைத் தளர்த்தி, இரு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு சாலையோரக் கல்லில் அமர்ந்தார். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பனியில் தெரியவில்லை. மகள் புத்தகத்தைத் திறந்து மடிமேல் வைத்துக்கொண்டாள். தேர்வு தொடங்க இன்னும் ஐம்பது நிமிடங்கள் இருந்தன.